மீன் காயும் மணலில் உண்ணாதிருந்த நாய்

இதை எழுதும் விருப்பம் எனக்கு இருந்ததில்லை. எழுதாமல் விடும் உரிமையும் இப்போது எனக்கு இல்லை. நாவலூரை அடுத்து, மதில் சூழ்ந்த குடியிருப்பு ஒன்றில் சில திங்களாக ஒரு பேச்சு உலவுகிறது. அங்கு வளர்ந்த விலையுயர்ந்த நாய் ஒன்றைக் கடற்கரைக் குப்பத்தார் மீனைக் காட்டி மயக்கிக் கொண்டுபோய்விட்டனர் என்பது அப்பேச்சு. கைபேசிக் குழுக்களில் அக்குப்பத்துப் பெண்மணி ஒருவரின் படமும் அதன் கீழே ‘திருடி’ என்னும் சொல்லும் சேர்ந்தே சுற்றுகின்றன.

நடந்ததை முழுதும் அறிந்து, உண்மையைச் சொல்லக்கூடியவர் மூவர். ஒருவர் அந்நாயைப் பராமரித்த ஓட்டுநர். அவருக்கு உறங்கவே நேரமில்லை. மற்றொருவர் அந்தப் பெண்மணி. அவர் சொல்வதைக் கேட்க அம்மதிலுக்குள் ஆளில்லை. எஞ்சியிருப்பவன் நான். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, திருப்போரூரில் ஒரு கருநிற நாட்டு நாயுடன் வாழ்பவன். சினம் தணிந்தபின் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. ஆகவே சினத்தோடே எழுதுகிறேன்.

என் நாய்க்கு, எதிரே வருவோர் மீது தாவும் வழக்கம் இருந்தது. அதைத் திருத்துவதற்காகவே பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். திருப்போரூருக்குக் கிழக்கே, மனைகளாகப் பிரித்துக் கல் நட்டு இன்னும் விற்காமல் கிடந்த திடல் ஒன்றில் ஞாயிறு காலைகளில் அவ்வகுப்பு நடந்தது. பயிற்றுநர் காவல்துறையின் மோப்பநாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முதல் நாளிலேயே எங்களை வரிசையாக நிறுத்தி வைத்துச் சொன்னார்.

“இங்க கிளாஸ் நாய்க்கு இல்ல சார். உங்களுக்குத்தான். நாய் சீக்கிரம் பாஸ் ஆயிடும். நீங்கதான் அரியர் வெப்பீங்க.”

எல்லாரும் சிரித்தனர். அடுத்த ஞாயிறு, சிரித்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. நாய்கள் மட்டும் வந்தன. அவற்றின் வாரைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர்களும் வீட்டு வேலையாட்களும் நின்றனர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது போல நாயை அனுப்பியிருந்தனர். கற்றுக்கொள்ள வேண்டியவர் தாமே என்பதை அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், கட்டணம் செலுத்தியவர் கற்றவராகிவிடுவார் என்று அவர்கள் எண்ணியதை இன்றுவரை என்னால் செரிக்க இயலவில்லை.

அந்நாய்களுள் ஒன்று, மார்பு அகன்ற, இடக்காதின் நுனியில் சிறு வெட்டுத்தழும்பு உடைய ஜெர்மன் ஷெப்பர்டு. அதன் உரிமையாளர் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருப்பவர். திடலுக்கு வந்த நாள்களிலும் அவர் மகிழுந்தை விட்டு இறங்கியதில்லை. குளிரூட்டியை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைபேசியில் ஆழ்ந்திருப்பார். வெளியே வெயிலில் நாயோடு நின்றவர் அவருடைய ஓட்டுநர். திருப்போரூருக்கு மேற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்த இளைஞர்.

உட்கார், படு, வா, நில் என்னும் அடிப்படைக் கட்டளைகள் முடிந்தபின் அந்த உரிமையாளர் தனியாக ஒரு பயிற்சியைக் கேட்டார். வெளியாள் எவர் கொடுத்தாலும், தரையில் எது கிடந்தாலும் தம் நாய் உண்ணக்கூடாது என்றார். நஞ்சு வைத்து நாயைக் கொன்று வீடு புகும் கள்வர்களைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பயிற்றுநர் மகிழுந்தின் கண்ணாடியைத் தட்டினார். அது பாதி இறங்கியது.

“சார், இது சாதாரண டிரெய்னிங் இல்ல. யார் கையால, யார் மூஞ்சியப் பார்த்து சாப்பிடணும்னு நாய்க்குச் சொல்லித் தர்றது. லைஃப் முழுக்க சோறு போடப் போறவங்கதான் இதுக்கு வந்து நிக்கணும்.”

“டிரைவர்தான் ஃபீட் பண்றான். அவனை வெச்சே முடிச்சிருங்க.”

“நாளைக்கு அவன் வேலைய விட்டுட்டா?”

“விட மாட்டான் சார். நான் பார்த்துக்கறேன்.” கண்ணாடி மேலேறியது.

பயிற்றுநர் அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவர்மீதும் எனக்குச் சினம் உண்டு; அதை அவரிடமே கூறியிருக்கிறேன்.

பயிற்சி தொடங்கியது. வகுப்பில் இருந்த எங்களையே அவர் வெளியாட்களாக நிறுத்தினார். ஒருவர் ரொட்டியை எறிந்தார். ஒருவர் கறித்துண்டை மூக்கருகே நீட்டினார். வேகவைத்த முட்டையை என் உள்ளங்கையில் வைத்து நானும் நீட்டினேன். முதலில் நாய் வாயைத் திறந்தது. வாரின் சிறு இழுப்பு அதைத் தடுத்தது. சில வாரங்களில் இழுப்பே தேவைப்படவில்லை. உணவைக் கண்டதும் அமர்ந்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்ளும். பிறகு ஓட்டுநர் குந்தி அமர்ந்து கிண்ணத்தை வைப்பார். அதன் விளிம்பை விரல்களால் தட்டி, “சாப்புட்றா ராசா” என்பார். சுருக்கமான ஆங்கிலக் கட்டளையையே பயிற்றுநர் விரும்பினார். ஆனால் நாய் இந்தத் தட்டலையும் இந்தக் குரலையும் முன்பே தேர்ந்துகொண்டிருந்தது. ஒருமுறை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கும்; பிறகே வாய் வைக்கும். மகிழுந்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உரிமையாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த விரலை நான் மறக்கவில்லை.

வகுப்புகள் முடிந்தன. என் நாய் தாவுவதை நிறுத்தியது. அவரவர் வழியில் பிரிந்தோம்.

வாரம் ஒருமுறை, நாய்க்கு அவித்துக் கொடுக்க மீன் வாங்குவதற்காகக் கடற்கரைச் சாலைக்குச் செல்வேன். நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு குப்பம். அங்கே மீன் விற்கும் பெண்மணி என்னைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். விற்றது போக மிஞ்சும் காரப்பொடி, நெத்திலி ஆகிய சிறுமீன்களை மணலில் வலை விரித்து அவர் உலர்த்துவார். அன்று நான் நெருங்கும் முன்னரே அவர் குரல் வந்தது.

“வா சாரே. உங்க ஆளுங்க இன்னொன்ன எறக்கி வுட்டுட்டுப் போயிட்டாங்க, வந்து பாரு.”

“எங்க ஆளுங்கன்னா யாரும்மா?”

“நாய் வளக்குற ஆளுங்கதான். காரு வந்து நின்னுது. கதவத் தொறந்தான், நாய் எறங்குச்சு, கதவ சாத்திகினு போயிகினே கீறான். இது ரோடு வரிக்கும் பின்னாடியே ஓடிச்சு. அப்பறம் திரும்பி வந்து இங்கியே படுத்துகிச்சு. நாய் வோணாமா, குப்பம். பூனை வோணாமா, குப்பம். போன மாசம் ஒரு சோபா கூட வந்து கெடந்துது. நாங்க இன்னா அநாத ஆசிரமமா வெச்சிகினு கீறோம்?”

வலையின் ஓரத்தில் அந்நாய் படுத்திருந்தது. விலா எலும்புகள் தோலை முட்டிக்கொண்டிருந்தன. கழுத்தில் பட்டை இல்லை. பட்டை இருந்த இடத்தில் மயிர் அமுங்கிய தடம் மட்டும் இருந்தது. எவருடைய நாய் என்று அறிய ஒரு வழியும் இருக்கக்கூடாது என்பதற்காகவே, கைவிடும் முன் அதைக் கழற்றியிருக்கின்றனர். இடக்காதின் தழும்பைக் கண்டதும் எந்த நாய் என்று அறிந்துகொண்டேன். அதுவும் என்னை அறிந்தது. வால் நுனி மணலில் ஒருமுறை அசைந்தது.

“இன்னும் ஒண்ணு கேளு,” என்றார் அவர். “துன்னவே மாட்டேங்குது சாரே. மீனு போட்டேன். சோறு போட்டேன். கொயம்பு ஊத்திப் பெசஞ்சு வெச்சேன். மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குது. எங்க வூட்டுக்காரன் கூட என் கொயம்ப இப்டி ஒதுக்கினதில்ல. தண்ணி மட்டும் குடிக்குது.”

அதன் மூக்குக்கு ஒரு சாண் தொலைவில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கரை முழுதும் மீன் மணம். என் பையிலிருந்த ரொட்டியைப் பிட்டு உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். நாய் சிரமப்பட்டு எழுந்து அமர்ந்தது; முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது. திடலில் அன்று செய்தது போலவே, மாசறச் செய்தது. கற்றதை மறவாத மாணவர்களைக் கண்டு வாழ்நாளெல்லாம் மகிழ்ந்தவன் நான். அன்று அந்தக் கற்றல் எனக்கு அருவருப்பூட்டியது.

அன்றே கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து வந்தேன். நரம்பின் வழியாக நீர் ஏற்றினார். நோய் எதுவும் இல்லை, உண்டால் பிழைக்கும், இப்படியே கிடந்தால் நெடுநாள் தாங்காது என்றார். பயிற்றுநரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“பசி முத்தினா பெரும்பாலும் டிரெய்னிங் ஒடைஞ்சிரும் சார். தின்னுரும். இது அந்தப் பையன் மூஞ்சியையே பார்த்துப் பழகின நாய். விட்டுட்டுப் போன ஏக்கமும் சேர்ந்திருக்கும். ஓனர வரச் சொல்லுங்க. முடியலன்னா அந்தப் பையன.”

மறுநாள் நாவலூர் சென்றேன். குடியிருப்பின் வாயிலில் காவலரிடம் நெடுநேரம் மன்றாடிய பின்னர் உரிமையாளர் இறங்கி வந்தார். நாய் எங்கே என்று நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை.

“டிரைவர நிறுத்திட்டேன் சார். கார்ல பெருசா ஒரு ஸ்கிராட்ச். அதுக்கப்புறம் இது சரியா சாப்பிடல. சமைக்கிற குக்கைப் பார்த்து உறும ஆரம்பிச்சிடுச்சு. வீட்ல பயப்படறாங்க. பீச்ல ஃப்ரீயா இருக்கும். ஓப்பன் ஸ்பேஸ். ஃபிஷ் வேற இருக்கு. உண்மையில நான் அதுக்கு நல்லதுதான் பண்ணிருக்கேன்.”

“அது மீன் சாப்பிடல. எதுவுமே சாப்பிடல. வெளியாள் கொடுத்தா சாப்பிடக்கூடாதுன்னு கத்துக்கொடுக்கச் சொன்னவர் நீங்க.”

“பசிச்சா சாப்பிடும் சார். அனிமல்தானே.”

“ஒருமுறை வந்து கிண்ணத்தை வைங்க. உங்களைப் பார்த்தாவது சாப்பிடுதான்னு பார்ப்போம்.”

“இந்த வாரம் ஃபுல்லா மீட்டிங்.”

“அப்ப அந்த ஓட்டுநரோட எண்ணையாவது கொடுங்க.”

“டெலிட் பண்ணிட்டேன்.” பிறகு, என்னைத் தேற்றும் குரலில், “இந்த வயசுல இவ்ளோ டென்ஷன் ஆகாதீங்க சார்” என்றார்.

ஓர் உயிரைப் பட்டினியில் இட்டவர் என் குருதியழுத்தத்துக்கு இரங்கினார். நான் திரும்பி நடந்தேன். மறுமொழி கூறியிருந்தால் என் நாவில் அன்று வந்திருக்கக்கூடிய சொற்கள், நான் எவருக்கும் கற்பித்த சொற்கள் அல்ல.

ஓட்டுநரின் எண் பயிற்றுநரிடம் இருந்தது. வகுப்புக்கு வரும் நேரம், வர இயலாத நாள் என்று எல்லாவற்றையும் அவரிடம் பேசியவர் ஓட்டுநர்தானே. இப்போது அவர் பணியாளர்களை இரவு முறைவேலைக்கு ஏற்றி இறக்கும் வண்டி ஒன்றை ஓட்டுகிறார். செய்தியைக் கேட்டதும், “காலையில டிரிப் முடிச்சிட்டு நேரா வந்துர்றேன் சார்” என்றார்.

வந்தார். கண்கள் சிவந்திருந்தன. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு மணலில் இறங்கும்போதே, “எங்கடா கீற?” என்று குரல் கொடுத்தார். நாய் தலையைத் தூக்கியது. எழ முயன்றது, பின்னங்கால்கள் தாங்கவில்லை. முன்னங்கால்களால் மணலை இழுத்துக்கொண்டு அவரை நோக்கி வந்தது. அவர் ஓடிவந்து அதன் அருகில் அமர்ந்தார். கழுத்திலிருந்த தடத்தைத் தடவிப் பார்த்து, “பட்டை எங்க சார்?” என்று என்னைக் கேட்டார். நான் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

பெண்மணி மீன் வேகவைத்த நீரில் சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுவந்தார். ஓட்டுநர் குந்தி அமர்ந்து கிண்ணத்தை வைத்தார். விளிம்பைத் தட்டினார்.

“சாப்புட்றா ராசா.”

நாய் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. பிறகு கிண்ணத்தில் வாய் வைத்தது. ஓட்டுநர் தம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அடப்பாவி,” என்றார் பெண்மணி மெல்ல. “இதுக்காவ தான் இத்தினி நாளா ஒக்காந்துகினு இருந்தியா?”

மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகவே கொடுத்தோம். உயிர் மீண்டது. ஆனால் அடுத்த வேளைக்கு யார் கிண்ணத்தைத் தட்டுவது என்னும் வினா அப்படியே நின்றது.

“நான் இருக்கறது மேன்ஷன் ரூம் சார்,” என்றார் ஓட்டுநர். “ஒரே ரூம்ல ஆறு பேரு. சுவத்துல பல்லி இருந்தாலே வாடகை குடுக்குதான்னு கேப்பாரு ஓனரு.” என் வீட்டு நாயோ வேறோர் ஆண் நாயை வாயிலருகே கூட நிற்க விடாது. நாங்கள் இருவரும் இவ்வாறு பேசிக்கொண்டிருக்க, பெண்மணி காகங்களை நோக்கிக் கையை வீசிக்கொண்டிருந்தார்.

“இன்னாத்துக்கு இத்தினி யோசன? இங்கியே கெடக்கட்டும். பொறந்ததுல இருந்து கருவாட்டோட கீறேன். கருவாட்டத் தொடாத நாய இப்பதான் பாக்குறேன். பக்கத்துல குந்திகினு இருந்தா காக்கா கூட கிட்ட வராது. சம்பளம் இல்லாத வாட்ச்மேன். ஆனா என் கையால துன்னணும். அத மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ.”

எங்கள் உண்மையான வகுப்பு அதன் பிறகே தொடங்கியது. வேலை முடிந்து வரும் காலைகளில் எல்லாம் ஓட்டுநர் குப்பத்துக்கு வந்தார். கிண்ணத்தின் விளிம்பில் முதலில் அவர் கை மட்டும் இருந்தது. பிறகு அவர் கையின்மேல் பெண்மணியின் கை. பிறகு பெண்மணியின் கை கீழே, அவர் கை மேலே.

“இப்ப நீ சொல்லுக்கா.”

“இன்னா சொல்லணும்?”

“சாப்புட்றா ராசான்னு.”

“கட்டின புருசனயே ராசான்னு கூப்ட்டதில்லடா நானு.”

“அதான் அவரு ஒல்லியா கீறாரு. சொல்லு.”

சொன்னார். நாய் முதலில் ஓட்டுநரைத்தான் பார்த்தது. அவர் அசையவில்லை. பெண்மணி மறுபடியும் தட்டினார். பல காலைகள் கழித்து, ஒருநாள் அது பெண்மணியின் முகத்தைப் பார்த்தது, உண்டது. இத்தனைக்கும் வேண்டியிருந்தவை ஒருவருடைய பொறுமையும் ஒருவருடைய நேரமுமே. உறக்கம் தொலைத்த ஓட்டுநரிடமும் நாளெல்லாம் மீன் சுமந்தவரிடமும் அவை இருந்தன. குளிரூட்டிய மகிழுந்தில் சாய்ந்திருந்தவரிடம் இல்லை. நான் வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தேன். உள்ளாட்சி அலுவலகத்தில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கச் செய்தேன். புதுப்பட்டை வாங்கி அணிவித்தேன். நாய் வளர்ப்போர் எவர்க்கும் இவை முதற்கடமைகள். இவற்றைச் செய்வதைப் பெருமையாகக் கருதவேண்டிய நிலைக்கு நாம் வந்திருப்பது இழிவு.

வெள்ளிப் பளபளப்புடைய கருவாட்டு வலையின் ஓரத்தில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் அந்நாய், மாமல்லபுரம் போகும் சுற்றுலாவினரின் கண்ணில் பட்டது. எவரோ படமெடுத்துப் பரப்பினர். படம் அம்மதிலுக்குள்ளும் சென்றது. உங்கள் நாய் போலிருக்கிறதே என்று அக்கம்பக்கத்தார் உரிமையாளரிடம் கேட்டிருக்க வேண்டும். நாய் ஓடிப்போய்விட்டது என்றே அவர் முன்பு அவர்களிடம் கூறியிருந்தாராம்.

ஒரு சனிக்கிழமைக் காலை, மீன் வாங்க நான் சென்றிருந்த நேரத்தில் உரிமையாளர் வந்தார். முதன்முறையாக மகிழுந்தை விட்டு இறங்குவதைக் கண்டேன். கையில் புதிய வாரும், பொரித்த கோழி வைத்த பொட்டலமும் இருந்தன.

“என் நாய் இது,” என்றார்.

பெண்மணி நிமிரவில்லை, மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். “உன் நாய்தான் சார். யார் இல்லன்னது? துன்ன வை. துன்னுச்சுன்னா இஸ்துகினு போ.”

நாய் அவரைக் கண்டதும் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டே அருகில் சென்றது. அவர் முழங்காலில் மூக்கை வைத்து முகர்ந்தது. நாய் அவரை மன்னித்தது என்று சிலர் எழுதக்கூடும். மன்னிப்பு மனிதர்களின் அலுவல். அதை ஒரு வாலின்மேல் ஏற்றிவைத்துத் தப்பிக்க நான் எவரையும் விடமாட்டேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் கோழித்துண்டை நீட்டினார். நாய் அமர்ந்தது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டது.

“ஈட்,” என்றார். அசையவில்லை. “ஈட், ஈட்.” துண்டை மணலில் போட்டார். நாய் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தது. பெண்மணி மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“நீங்க ஏதோ பண்ணி வெச்சிருக்கீங்க.”

“நாங்க ஒண்ணியும் பண்ணல சார். நீ காசு குடுத்துப் பண்ணி வெச்சதுதான் இது.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அந்த டிரெய்னர் சரியில்ல சார். நான் அப்பவே நினைச்சேன்.” பிறகு கைபேசியை எடுத்துப் பெண்மணியின் முகம் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். மகிழுந்தில் ஏறினார். கண்ணாடி மேலேறியது. நாய் இம்முறை சாலை வரை ஓடவில்லை. மணலில் கிடந்த கோழித்துண்டைக் காகம் ஒன்று கொத்திக்கொண்டு போனது.

அன்று எடுத்த படமே, அந்தச் சொல்லோடு இப்போது சுற்றுகிறது. அதை நம்பிப் பகிர்ந்தவர்களைக் கேட்கிறேன்: வெளியார் கையால் எதையும் உண்ணாதிருக்குமாறு பழக்கப்பட்ட ஒரு நாயை, தன் மூக்கெதிரே காய்ந்த மீனைத் தொடாமல் சாகக் கிடந்த ஒரு நாயை, மீனைக் காட்டி மயக்குவது எப்படி? பயிற்சியளிக்கச் சொன்னவரே அக்கதையைக் கட்டினார் என்றால், தாம் வாங்கிய பயிற்சி இன்னதென்றுகூட அவர் அறியவில்லை என்பதே பொருள்.

இக்குறிப்பில் பிழைகள் இருக்கக்கூடும். நாய்களின் உளவியல் நான் கற்ற துறையன்று. அந்நாய் உண்ணாதிருந்தது பயிற்சியாலா, பிரிவின் ஏக்கத்தாலா, எது எவ்வளவு என்பதை என்னால் அறுதியிட முடியவில்லை. அறிந்தவர் தெரிவித்தால் ஏற்பேன். குப்பத்துப் பேச்சை என் செவிக்கு எட்டியவாறே எழுதியிருக்கிறேன். ஒலி பிசகியிருந்தால் அவ்வூரார் திருத்த வேண்டும். மருத்துவர் சொன்னதை நான் தவறாக விளங்கிக்கொண்டிருந்தாலும் சுட்டுங்கள். அனைத்தையும் நன்றியுடன் மாற்றி எழுதுவேன். ஆனால் என் பிழைகளைத் தேடத் தொடங்கும் முன், உங்கள் கைபேசியில் அந்தப் படம் இருந்தால், அதன் கீழுள்ள சொல்லை முதலில் திருத்துங்கள்.